பிரிக்கக் கூடாத கட்டு

செல்லையா மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த பட்டையால் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையைக் கையால் இழுத்து இழுத்துச் சுற்றுவார். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிறவர்களில் அவர் கட்டிய அரிவாள் மட்டும் ஆடாது. மறுநாள் கோயில் திருவிழா. அது முடிந்து வேலைக்குப் போக இப்போதே தயார் செய்து, கழியை வாசலில் சாய்த்து வைத்தார்.

நான் அந்தத் தோட்டத்து மருந்தகத்தில் தாதி. டாக்டருக்குப் பதிலாக வரும் டிரசர் பல தோட்டங்களுக்கு ஒருவர் என்பதால், அவர் வராத நாளில் காயம் கழுவுவது முதல் பிரசவம் வரை என் பொறுப்பு. எண்பதுகளின் தொடக்கம் அது. செல்லையாவின் இரண்டு பெண் குழந்தைகளையும் கையில் வாங்கியவள் நான்தான்.

அவர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதட்டினால் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் திருவிழாவில் சிலம்பக் கம்பைக் கையில் எடுத்துவிட்டால் அதே மண்டோர் நாலடி தள்ளி நின்று கைதட்டுவார். சபாக்கிலிருந்த வாத்தியாரிடம் கற்ற கம்பு. அவருக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அசாம் ஜாவாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரின் மகன் சலாவுதீன், ஜெராமில் ஒரு மலாய்க்காரரிடம் அவர்களுடைய தற்காப்புக் கலையான சீலாட் பழகியவன். இருவரும் நண்பர்கள். கடையில் உட்கார்ந்தால் பேச்சு ஒன்றுதான்.

“கம்பு கையில இருக்கிறவரைக்கும் ஒருத்தன் கிட்ட வரமுடியாது, பாய். உங்க சீலாட்டு கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு முன்னாடி ஆடுறதுக்குத்தான் லாயக்கு.”

“கம்பு ஒடைஞ்சா என்னாண்ணே செய்வீங்க? வீட்டுக்குப் போயி இன்னொண்ணு எடுத்தாறவரைக்கும் எதிராளி தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருப்பானா லா?”

“எதுக்கு வீட்டுக்குப் போறேன்? உங்கப்பா போடுற ரொட்டி சானாயை எடுத்து வீசுவேன். மண்டை ஒடைஞ்சிடும்.”

கடையே சிரிக்கும். சலாவுதீனின் அப்பாவும் சிரிப்பார்.

திருவிழாவன்று யாரோ உசுப்பிவிட்டு, இருவரும் கோயில் முன்னாலிருந்த சிமெண்டுத் தரையில் இறங்கினார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சலாவுதீன் உள்ளே புகுந்து கம்பைப் பிடித்தான். இருவரும் இழுத்தார்கள். செல்லையாவின் குதிகால் வழுக்கியது. வலது கை உடம்புக்கடியில் மடங்கியது. சத்தம் கூட்டத்தில் நின்ற எனக்கே கேட்டது.

எது உசத்தி என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தரை ஈரமாக இருந்தது, அது தெரியும்.

முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டினேன். நாடி நன்றாக ஓடியது. விரலைக் கிள்ளினேன்.

“ஏற்கெனவே ஒடிஞ்ச கைதானே தாதியம்மா, ஏன் கிள்ளுறீங்க?” என்றார். உணர்ச்சி இருந்தது.

“அப்பாவோட வேன் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றான் சலாவுதீன்.

கம்பு பிடிக்கிறவர்கள் விடவில்லை. களத்தில் விழுந்தவனுக்கு அவனுடைய வாத்தியார்தான் கட்டவேண்டும், அவரேதான் பிரிக்கவும் வேண்டும். இது அவர்கள் வழக்கம். பொழுது சாயும் முன் சபாக்கிலிருந்து வாத்தியாரை அழைத்து வந்துவிட்டார்கள். அவர் முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார்.

“வீங்கினால் இறுகிப்போகும், ஐயா” என்றேன்.

“நான் வந்து பிரிக்கிற வரைக்கும் வேற கை படக்கூடாது” என்று செல்லையாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். கட்டு காய்ந்து ஓடுபோல் இருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, தோல் மினுமினுத்தது. நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. விரலை நிமிர்த்தப் போனேன், அலறிவிட்டார்.

“ரத்தம் போகலப்பா. பிரிச்சு விடுறேன். இல்லன்னா கை போயிடும்.”

“பிரிச்சா கடையில என்னா பேசுவானுங்க தெரியுமா? கம்பும் தோத்துச்சு, கட்டும் தோத்துச்சும்பானுங்க.”

சபாக்கிற்கு மோட்டார் சைக்கிளில் ஆள் போனது. வாத்தியார் வீடு பூட்டியிருந்தது. எங்கோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். எங்கே என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரியவில்லை.

சலாவுதீன் வேனைக் கொண்டுவந்து லயத்தின் முன் நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தான்.

“நான் தோத்துட்டேன்ணே. கடையில எல்லார் முன்னாடியும் சொல்றேன். சிலம்பம்தான் ஒசத்தி. வண்டியில ஏறுங்க லா.”

செல்லையா அவனையே பார்த்தார். “ஒடிஞ்ச கையைப் பாத்துக்கிட்டு ஒசத்திங்கிறியா, பாய்?” என்று கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சலாவுதீன் போய் எஞ்சினை அணைத்தான். அவன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. புத்தி தெளிவாக உள்ள ஒருவர் வேண்டாம் என்றால் அவர் உடம்பைத் தொடக்கூடாது, அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடைய மனைவி வேலம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “அவுக சரின்னா சரிதான்” என்றாள். கையைத் தலையணையில் வைத்துவிட்டு மருந்தகத்துக்குத் திரும்பினேன். வேறு நோயாளிகளும் இருந்தார்கள்.

மாலையில் மறுபடி போனபோது செல்லையா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வேலம்மா ஊட்டினாள்.

“வலி நின்னுடுச்சு, தாதியம்மா. பாத்தீங்களா வாத்தியார் கட்டை?”

கிள்ளினேன். அவர் கஞ்சியை விழுங்கிக்கொண்டே இருந்தார். வேலம்மா கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். அதில் தெரிந்ததை நான் மறைக்கவில்லை.

அடுத்த நாள் காலை, மருந்தகத்தைத் திறக்கும்போதே அவள் படியில் நின்றாள்.

“கத்தரிக்கோல் குடுங்க, தாதியம்மா. வேற கை படக்கூடாதுன்னுதானே அவரு சொன்னாரு? நான் வேற கையா?”

கூடவே போனேன். எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று காட்டினேன். அவள் வெட்டினாள். ஓடு விட்டுக்கொடுக்க நேரமானது. செல்லையா தடுக்கவில்லை. கட்டு விலகியபோது கை சாம்பல் நிறத்தில் இருந்தது. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. நிமிர்த்தச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி முயன்றார். விரல் அசையவில்லை.

சலாவுதீன் அவரைத் தூக்கி வேனில் உட்காரவைத்தான். நான் பக்கத்தில் ஏறிக் கையைப் பிடித்துக்கொண்டேன். வேலம்மா உடனே வரவில்லை. வாசலில் சாய்த்திருந்த கழியைக் கீழே கிடத்தி, அதே கத்தரிக்கோலால் டியூப் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டியது, சுலபத்தில் அறவில்லை. ஒருவழியாகத் தோட்டத்து அரிவாளைக் கழற்றி, ஆட்களுக்கு வேலை பிரிக்க வந்த மண்டோரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.