தொட்டால் பரவாது

எங்கள் பெரியம்மா உயிரியல் டீச்சர். பெரியப்பாவின் பனியன் கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கலாம். அது தன் படிப்புக்குக் கேவலம் என்று ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய் வந்தார். ஆறாவதில் எனக்கும் அவர்தான் அறிவியல் எடுத்தார். வீட்டில் பெரியம்மா, வகுப்பில் மிஸ், இரண்டு இடத்திலும் ஒரே அதட்டல். வரையறை என்றால் அவருக்கு உயிர். ஒட்டுண்ணி என்றால் என்ன என்று கேட்டால் நோட்டில் எழுதிப்போட்டபடி தொடங்கி, எழுதிப்போட்டபடியே முடிக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் விட்டால் அரை மார்க் போய்விடும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார். காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் டீயை ஆற்றிக்கொண்டே ஒளிச்சேர்க்கையையும் சவ்வூடு பரவலையும் கேட்டுவிட்டு, "பாப்பாவ டாக்டருக்குப் படிக்க வெச்சிருங்க" என்று சொல்லிப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் யாரையோ பற்றி 'வெண்குஷ்டம்' என்று சொல்லிவிட்டான். பெரியம்மா அவனை பெஞ்சு மேல் ஏற்றினார். அது படிக்காதவன் பேச்சு, வெண்புள்ளி என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லி, வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். 'வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் அழிவதால் தோன்றும் குறைபாடு. இது தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவாது.' எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் அத்தைக்காகத்தான் அவனை பெஞ்சு மேல் ஏற்றினார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தினமும் பஸ் ஏறி வந்து எங்கள் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டார். அவருடைய விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி இருந்தது. தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்ததும் அவர்தான். அந்தக் கையால் உருட்டிக் கொடுத்த சோற்றை எங்கள் வீட்டில் தின்னாதவர்கள் கிடையாது. அப்போதெல்லாம் யாருக்கும் எதுவும் பரவவில்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் மேடைக்கு வந்து, தம்பி ஒரு தலைப்பைப் பிடிக்க, கூறைச் சேலையின் மறு தலைப்பைத் தான் பிடிப்பாள். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண் வர வேண்டும். அத்தை அதற்கென்றே அரக்குப் பட்டு எடுத்திருந்தார். அதை கம்பெனிக்குக் கொண்டுவந்து செக்கிங் டேபிளில் விரித்து எல்லாரிடமும் காட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தேங்காய்க்கு மஞ்சள் தடவிக்கொண்டே சொன்னார். "இணைச்சீருக்கு உடுமலைப்பேட்டைப் பங்காளி ஊட்டுப் புள்ளைய வரச் சொல்லியிருக்குதுங்க. வீடியோக்காரங்க பெரிய திரையெல்லாம் வெக்கறாங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க ஏதாச்சும் நெனச்சுக்குவாங்க."

வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "பொண்ணு ஊட்டுல ஆராச்சும் சொன்னாங்களாங்க நங்கையா?" அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சொல்ற வரைக்கும் உடலாமா? நாமதான் பாத்து நடந்துக்கோணும்."

சித்தப்பா செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். அப்பா, அவசரமாக ஒரு போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டார். பெரியப்பா சீர்த்தட்டுகளை எண்ணத் தொடங்கினார். உடல்குறையைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் கம்பெனி வாசலில் போர்டு வைத்திருந்தவர் அவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் அதைத் துடைத்து வைப்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று எனக்கு எரியவில்லை. பெரியம்மா மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பாடம் எடுப்பவருக்கு ஒன்றிரண்டு மறக்காதா? வகுப்பில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். "வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் தோன்றும் குறைபாடு. இது தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவாது."

பெரியம்மா மஞ்சள் கையோடு என்னைப் பார்த்தார்.

"மெலனின் எங்க கண்ணு? நிறமிய உட்டுட்டியே. அரை மார்க் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதி அவர்களுக்கு. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, போயி வெளையாடு" என்றார் பெரியப்பா.

அத்தைதான் எழுந்து என்னை வெளியே கூட்டிவந்தார். "உடு கண்ணு. கறை பட்ட பீஸத் தனியா எடுத்து வெக்கறதுதான என்ற வேலை. இன்னிக்கு என்னையே எடுத்து வெச்சுப்போட்டாங்க." அவர் அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. என் சடையை அவிழ்த்து, மறுபடி இறுக்கிப் பின்னிவிட்டார். வலித்தது.

மறுநாள் மண்டபத்தில் அத்தை அரக்குப் பட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் காலையிலிருந்து மெலனின் மெலனின் என்று முணுமுணுத்தபடி பெரியம்மா பின்னாலேயே திரிந்தேன். அந்த ஒரு சொல்லை விட்டதால்தான் காரியம் கெட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேளம் கொஞ்சம் ஓய்ந்தபோது அவர் முந்தானையைப் பிடித்து நிறுத்தி, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். "இப்பச் செரி. முழு மார்க்" என்று சொல்லிவிட்டு, பெண் வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடப் போனார்.

நான் கடைசி வரிசைக்கு ஓடினேன். "முழு மார்க் வாங்கிட்டேனுங்க அத்தை, மேடைக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். மேடையில் அதற்குள் உடுமலைப்பேட்டைக்காரி கூறைச் சேலையின் தலைப்பை வாங்கிக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கத்திலிருந்த திரையில் அவள் கை பெரிதாகத் தெரிந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. நான் இவ்வளவு சரியாகச் சொன்ன பிறகும் ஏன் இப்படி உட்கார்ந்தே இருக்கிறார் என்று, அன்றைக்கு எனக்கு அத்தை மேல்தான் கோபம் வந்தது.