தாய்ப்பூச்சி

பந்தலுக்குக் கீழே குனிந்து போனால் முதலில் கழுத்தில்தான் ஒட்டும். வெல்லப்பாகைத் தெளித்தது போல ஒரு பிசுபிசுப்பு, துடைத்தால் கைக்குப் போகும், கையைத் துடைத்தால் பாவாடைக்குப் போகும், அதோடு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தால் ஈ மொய்க்கும். கொடியில் அப்பிக்கிடந்த கறுப்புப் பூச்சிகள் சாற்றைக் குடித்துவிட்டுப் பின்பக்கமாக விடுகிற கழிவு அது என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால், நான் அதை நக்கிப் பார்த்திருக்க மாட்டேன்.

அது 1991. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் அம்மா அவரைப் பந்தல் போட்டிருந்தாள். அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை மட்டும் வருவார். எங்களையும் அங்கே அழைத்துப் போக வேண்டுமென்று அவருக்கு ஆசை. ஒண்டுக்குடித்தனத்தில் போய்க் குழாயடியில் நிற்க மாட்டேன் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். அந்த வருஷம் ஆடியில் விதை போட்ட அன்றே பேச்சை முடித்துவிட்டாள்: "இந்த அவரை நல்லா காய்ச்சிதுன்னா நான் இங்கதான். அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது." அப்பா சிரித்தார். "காய்க்கலன்னா மூட்டைய கட்டிக்கினு வந்துடணும், இன்னா?" அம்மா சரியென்று தலையாட்டினாள். அதிலிருந்து அவள் அவரையைப் பார்த்த மாதிரி என்னைக்கூடப் பார்த்ததில்லை.

கார்த்திகையில் பூ கொத்துக்கொத்தாக வந்தது. கூடவே மேகமூட்டமும் பனியும் வந்தன, அதன் பின்னாலேயே எங்கள் பக்கம் "அசுவுணி" என்று சொல்கிற அந்தச் சனியனும் வந்தது. விடிகாலையில் பனி காய்வதற்குள் அம்மா முறத்தில் அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டுபோய்க் கொடி கொடியாகத் தூவுவாள். சாம்பல் பட்ட இடத்தில் உதிரும். மறுநாள் வேறு கொழுந்தில் அப்பியிருக்கும். கொழுந்தில் எறும்பு வரிசை, இலையில் கரி பூசியது போல் கறுப்பு.

நான் இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். வருஷம் தவறாமல் அதே பாடம், அதே கரும்பலகை, அதே கொட்டாவி. அசுவுணிக்குச் செடிப்பேன் என்று பெயர் இருந்தாலும் பேனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இது மூட்டைப்பூச்சி இருக்கிற வரிசையைச் சேர்ந்தது, ஊசி போன்ற வாயால் உறிஞ்சும், நம் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான், ஆண் துணையே இல்லாமல் முட்டையிடாமல் நேரே குட்டி போடும், பிறக்கிற குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த குட்டி ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அலுத்துவிடுகிறது. ஆனால் அம்மா இதில் பாதியைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். "முட்டையே காணோமேடி! அப்போ எதுவோ ஒண்ணு இதுங்கள பெத்துப் போட்டுக்கினு கீது" என்றாள்.

அந்த 'எதுவோ' அவள் கண்ணில் பட்டது. அசுவுணி எங்கே மண்டிக்கிடந்ததோ அங்கெல்லாம் கறுப்பாக, முள் முள்ளாக, ஆரஞ்சுத் திட்டோடு ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. பார்க்கவே அருவருப்பு. "இதான் தாய்ப்பூச்சி. இத ஒழிச்சா எல்லாம் ஒழிஞ்சிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிறகென்ன, அம்மாவும் நானும் ஒரு கொடி விடாமல் தேடித்தேடி நசுக்கினோம். இலைக்கு அடியில் மஞ்சளாக ஒட்டியிருந்த முட்டைக் கொத்துகளையும் அவள் விடவில்லை, கட்டைவிரலால் தேய்த்தெடுத்தாள்.

அது அசுவுணியைத் தின்கிற புழு. நாங்கள் தீப்பெட்டியில் வைத்து விளையாடிய சிவப்புப் புள்ளிவண்டின் குஞ்சு, அந்த மஞ்சள் முட்டைகளும் அதனுடையவைதான். பந்தலுக்குக் காவல் இருந்தவற்றை எங்கள் கையாலேயே கொன்றுவிட்டு, பந்தலைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பூ கருகியது, பிஞ்சு சுருண்டது. கொடியில் சாறும் இடமும் போதாமல் போனபோது, இறக்கையில்லாத தாய்களே இறக்கை உள்ள குட்டிகளைப் போட்டன. அவை பறந்துபோயின. தையில் நாங்களும் போனோம். லாரியில் ஏறும்போது அம்மா பந்தல் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்திருக்கும்.

போன மாதம் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவும் நானும் ஒரகடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வருகிற வழியில் பந்தல் இருந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தோம். மதில் சுவர், உள்ளே வரிசையாகக் கார்கள், இன்ன இடமென்று கைகாட்டக்கூட ஓர் அடையாளம் இல்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் ஏதோ கம்பெனி வேலியோரம் அரளி நட்டிருந்தார்கள். கொழுந்தில் மஞ்சள் அசுவுணி. நடுவே அதே முள்ளுப்புழு. அம்மா கொம்பை வளைத்துப் பிடித்தாள். இனி நசுக்குவாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்லூரியில் படித்த நாளிலிருந்து தெரிந்தும் ஒரு தடவைகூட நான் அவளிடம் சொன்னதில்லை. அந்தப் பந்தல் அவள் கையாலேயே போனது என்று எந்த வாயால் சொல்வது?

"துன்னட்டும் வுடு" என்றாள்.

நான் திரும்பினேன். கொம்பை மெதுவாக விட்டுவிட்டாள்.

"அம்பத்தூர்ல டின்ல அவரை வெச்சேனே, ஞாபகம் கீதா? இந்தப் புழு ஒண்ணு அதுல அசுவுணிய துன்னுட்டு செவுத்துல ஒட்டிக்கினு கெடந்திச்சு. ஒருநாள் தோலை வுரிச்சிக்கினு புள்ளிவண்டாப் பறந்து பூட்ச்சு. அன்னிக்கே தெரிஞ்சிப் போச்சு எனக்கு."

"ஏம்மா சொல்லல?"

"உங்கப்பா கைல இன்னான்னு சொல்றது? பூச்சியால போச்சுன்னே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள். "நீ டீச்சராச்சே. நீயும்தான் சொல்லல."

பஸ் கூட்டத்தோடு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினேன். அவள் கை என் கையில் ஒட்டியது.