என்னை ஏமாற்றிய லோகநாயகி அக்கா

என் மூத்த பேத்தி வங்கித் தேர்வில் பாஸாகிவிட்டாள். பேரனுக்குச் சென்னையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. கடைசிப் பேத்தி கோ-கோ விளையாட்டில் மாவட்ட அளவில் கோப்பை வாங்கி வந்திருக்கிறாள். இந்த மூன்று சேதியையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் போன செவ்வாய்க்கிழமை காலை லோகநாயகி அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மகள். "அம்மா விடிகாலையில போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அக்காவுக்கென்று வைத்திருந்த சேதியை அப்படியே வைத்துவிட்டுத் துக்க வீட்டுக்குக் கிளம்பினேன்.

வேங்கிக்கால் யோகா வகுப்புக்காரர்களே, ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் வாசலோடு திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளே எல்லோரும் பாயில் சம்மணம் போட்டிருந்தார்கள். என் முட்டியோ மடங்காது. பின்னாலிருந்து ஒரு குரல்: "நீயும் புதுசாம்மா? நானும்தான். எனக்கும் கால் மடங்காது. வா, ரெண்டு பேரும் நாற்காலி கேக்கலாம். சிரிச்சா நம்ம ரெண்டு பேரையும் சேத்து சிரிக்கட்டும்." அதுதான் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆபீசில் ஃபைல் தூக்கியே முதுகு போய்விட்டது என்றார். நம்பினேன்.

கண்ணை மூடி அசையாமல் உட்காரச் சொல்வார் மாஸ்டர். எனக்கு இரண்டு நிமிஷம் தாங்காது. அக்காவுக்கு ஒன்றுகூடத் தாங்காது. இருமுவார், சொரிந்துகொள்வார், "மணி என்னடி ஆச்சு?" என்பார். நான் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த அன்று, "அக்கா, உனக்கு இது இந்த ஜென்மத்துல வராது" என்று சிரித்தேன். "அப்போ நீயே சொல்லிக் குடு" என்றார். சொல்லிக் கொடுத்தேன்! மூச்சை விடும்போது தோளையும் சேர்த்து இறக்கு என்று. மருமகளிடம், "ஆபீஸ்ல இருந்த அம்மாவே என்கிட்ட கத்துக்கிறாங்க" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூப்பிட்டேன். "என் முட்டிக்கு ஆகாது சரசு. எனக்கும் சேத்து சுத்திட்டு வா" என்றார். முழு மலையையும் தனியாகவே சுற்றினேன். மறுநாள் விபூதியை அவர் கையில் கொட்டி, "உன் பங்கும் நடந்துட்டேன்க்கா" என்றேன். பக்தியாகப் பூசிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை துக்க வீட்டில் ஐம்பது வயதுப் பெண்கள் வரிசையாக வந்து, "டீச்சர், டீச்சர்" என்று அழுதார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் யோகா சொல்லிக் கொடுத்தவராம். மாஸ்டரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கே அவங்கதாம்மா குரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிட்டாங்க." அக்காவின் மகள் இன்னொன்றும் சொன்னாள். "அந்தப் பௌர்ணமிக்கு உங்களுக்குப் பத்தடி பின்னாலயே நடந்தாங்க ஆன்ட்டி. நீங்க எங்கயாவது விழுந்துடுவீங்கனு பயம்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தனியாகச் சுற்றினேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே. குருவுக்கே பாடம் எடுத்தேனே. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்க மாட்டேன். ஒரே ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். சொல்லாமலே போனது துரோகம்தான். நல்லதுக்குத்தான் செய்தார் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அந்த ஐந்து நிமிஷமாவது என்னுடையதா, அதுவும் அவர் விட்டுக்கொடுத்ததா? மறுநாள் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கோபம் இரண்டே நிமிஷத்தில் எழுப்பிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. நேற்று கண்ணைத் திறந்தபோது கடிகாரத்தில் ஏழு நிமிஷம் போயிருந்தது. பக்கத்தில் இருமி என்னை ஜெயிக்க வைக்க யாரும் இல்லை. அது என்னுடையது. அதை வைத்துக்கொள்கிறேன். கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிக்குப் போட்டிருக்கும் படத்தில் தலைகீழாக நிற்பவரை எனக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டு வேறு படம் போடுங்கள். பொங்கலன்று எடுத்தது ஒன்று இருக்கிறது. நான் விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருப்பேன். அக்கா மூச்சுவிடத் தெரியாதவர்போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு நாற்காலியில் இருப்பார். அதுவும் நடிப்புதான். ஆனால் என்னோடு பழகியவர் அவர்தான்.