டைப்பிஸ்ட் கார்குழலி

சாரம் என்ற ஊரில் பிறந்த கார்குழலி பிரெஞ்சு கற்றது பள்ளிக்கூடத்தில். அந்த மொழி தெரிந்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொன்னதை நம்பி, மில் தொழிலாளியான அப்பா அவளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டார். வேலை கிடைக்கத்தான் செய்தது. நகரத்தில் புருஷோத்தமன் நடத்திய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், இருபத்தாறாம் வயதில், டைப்பிஸ்டாக.

அங்கே வந்தவை பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரங்கள். அந்தப் பழைய கையெழுத்தைப் பார்த்தாலே புருஷோத்தமனுக்குத் தலைவலி வரும். கார்குழலி அதைப் பழகிக்கொண்டாள். இரண்டே வருடத்தில் அவளே படித்து, தமிழாக்கி, அடித்தும் கொடுத்தாள். அவர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். இப்படியே பதினான்கு வருடம் போனது.

போன ஆண்டு, பட்டம் வாங்கிய தமிழ்மாறனை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்தார்கள். ஆறே மாதத்தில் அவனுக்குச் சம்பளம் ஏறியது. கார்குழலி உள்ளே போய்க் கேட்டாள்.

"உன் போஸ்ட் டைப்பிஸ்ட்மா. அதுக்கு மேல ஏத்த வழியில்ல" என்றார் புருஷோத்தமன்.

"அப்ப இத்தன வருஷமா மொழிபெயர்த்தது யாரு சார்?"

"கையெழுத்துப் போட்டவன் நான்."

மறுநாளிலிருந்து அவள் டைப்பிஸ்ட் வேலையை மட்டும் செய்தாள். தமிழ்மாறன் எழுதிக் கொடுத்ததை ஒரு புள்ளி மாறாமல் அடித்தாள். அவன் அக்கா அக்கா என்று சந்தேகம் கேட்டு வந்தால், தனக்குத் தெரியாது என்றாள். புருஷோத்தமன் ஆத்திரத்தில் அவள் மேசையை வெயில் விழும் வாசலோரம் தள்ளிப் போடச் சொன்னார். அவள் அங்கேயும் உட்கார்ந்து அடித்தாள்.

செல்வாம்பாள் என்ற அம்மாள் விற்கவிருந்த வீட்டின் பத்திரம் அப்போதுதான் வந்தது. மேற்கு எல்லையைத் தமிழ்மாறன் கிழக்கு என்று எழுதியிருந்தான். அடிக்கும்போதே கார்குழலிக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே அடித்தாள்.

பதிவு அலுவலகத்தில் அதைத் திருப்பிவிட்டார்கள். தாமதம் பொறுக்காமல் வீட்டை வாங்க வந்தவரும் விலகிவிட்டார். செல்வாம்பாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கார்குழலி டைப் அடிப்பதை நிறுத்தினாள். மூலப் பத்திரத்தை எடுத்துவைத்து ஒரு மணி நேரத்தில் முழுதும் திருத்தி எழுதினாள். புருஷோத்தமன் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"மொழிபெயர்த்தது கார்குழலின்னு கீழ அடிப்பேன். அதுல நீங்க கையெழுத்துப் போடணும்."

"திமிரா?"

"ஆமா சார்."

செல்வாம்பாள் பார்த்துக்கொண்டிருந்ததால் புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில், இனி வரவேண்டாம் என்றார். அவர் கொடுத்த அனுபவச் சான்றிதழில் டைப்பிஸ்ட் என்றே இருந்தது. தப்பாக இருக்கிறது, திருத்திக் கொடுங்கள் என்றாள். சரியாகத்தான் இருக்கிறது என்றார். காகிதத்தை அவர் மேசையிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

வேண்டுமென்றே தப்பு செய்கிறவள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அதில் பாதி உண்மை என்பதுதான் அவளை எரித்தது. மூன்று மாதம் கழித்து வில்லியனூரில் ஒரு வக்கீல் அவளை மொழிபெயர்ப்பாளராகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே செல்வாம்பாள் வீட்டுக்குப் போய், தப்பைப் பார்த்துக்கொண்டேதான் அடித்ததாகச் சொன்னாள். அந்த அம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

"ஒன் மொதலாளி மேல இருந்த கோவத்துக்கு என் வூடுதான் கெடச்சுதா ஒனக்கு?"

கார்குழலி நின்றபடியே அதைக் கேட்டுக்கொண்டாள். கதவு சாத்தப்பட்ட பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.