நான் திருப்பி அனுப்பிய பாதம்

நம் அன்பியச் செபக் குழுவின் சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் மூடி வைத்தால் அது இன்னும் பெரிய வெட்கம்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் என் கணவர் அருளின் வலது உள்ளங்காலில் ஒரு கொப்புளம் உடைந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. வைட்ஃபீல்டில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார். அந்தக் கால்தான் எங்கள் வீட்டுச் சோறு. புண் ஆறவே இல்லை. எலும்பு வரை சீழ் போயிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். இடிந்துபோனேன். தவக்காலம் முழுக்கத் தினமும் கட்டு மாற்றிவிட்டு, செபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுவேன். இந்தக் காலைக் காப்பாற்றித் தாரும் ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு வேறு செபம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் புதன்கிழமை ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எலும்புக்குப் போகல. கால் தப்பிச்சிடுச்சு" என்றார். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே முழங்காலிட்டு நன்றி சொன்னேன்.

மறுநாள் பெரிய வியாழன். காக்ஸ் டவுனில் எங்கள் கோவிலில் அந்த முறை, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவும் சடங்குக்கு ஏழைகள் பன்னிரண்டு பேரை உட்காரவைக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். ஆள் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. கோவிலுக்குப் பின்னால் குழாயடியில் எல்லோரையும் நிற்கவைத்து, குதிகால் தேய்க்கச் சொன்னேன், நகம் வெட்டச் சொன்னேன். ஃபாதர் கழுவப்போகும் கால்களை நான் முன்கூட்டியே கழுவவைத்தேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு.

கடைசியில் நின்றவர் செல்வமேரி, எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். வேலையில் கண்ணாடி குத்திய கால். சுற்றியிருந்த துணியில் சீழ் கசிந்தது. அந்த வாடை எனக்குப் புதிதல்ல. நாற்பது நாளாக என் வீட்டில் இருந்த வாடைதான்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு பீடத்துக்கிட்ட உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஆகட்டும் மேடம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்தில் கோவில் மணி அடிக்கும் அண்ணனை உட்காரவைத்தேன். சடங்கு நன்றாக நடந்தது, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பார்களே, அது நான்தான்.

ஈஸ்டர் திருப்பலி முடிந்ததும் ஏழைகள் பன்னிரண்டு பேருக்கும் கோவில் மண்டபத்தில் எங்கள் குடும்பம் பிரியாணி பரிமாறுவதாக ஏற்பாடு. மணி அடிக்கும் அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் இருந்த அருள், "ஒரு எலை காலியா கெடக்கே, யாரு வரல?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். "அப்ப என் கால் கட்டு மாத்தும்போதும் ஒனக்கு அசிங்கமாத்தான் இருந்துச்சா, ஸ்டெல்லா?" என்றார்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இருவரும் ஆட்டோவில் செல்வமேரி வீட்டுக்குப் போனோம். என்னைக் கண்டதும் அவர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "கிட்ட வராதீங்க மேடம், நாத்தம் அடிக்கும்" என்றார். அருள் தரையில் உட்கார்ந்து, "எனக்கும் இதே கததான் அக்கா, பாருங்க" என்று தன் காலை நீட்டினார். நான் வெந்நீர் வைத்து செல்வமேரியின் புண்ணைக் கழுவிக் கட்டினேன். மன்னிப்புக் கேட்டு அழுதேன்.

"ஈஸ்டர் ஹப்பா நாளும் அதுவுமா யாராச்சும் அழுவாங்களா? மொதல்ல சாப்பாட்ட எடுங்க, பசிக்குது" என்றார் அவர்.

திங்கட்கிழமை அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவருக்கும் சர்க்கரை இருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார்கள். இன்று அருள் கால், அவர் கால் இரண்டும் ஆறிவிட்டன. ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

நம்பிக் கேளுங்கள். என்னைப் போன்றவளுக்கே தந்தவர் உங்களுக்குத் தராமல் இருக்கமாட்டார். ஆனால் ஒன்று. அந்தத் தவக்காலம் முழுக்கச் செல்வமேரி அக்காவும் தன் காலுக்காகச் செபித்திருக்கிறார். பிறகுதான் என்னிடம் சொன்னார். என் செபத்துக்குப் புதன்கிழமை டாக்டர் வாயால் பதில் வந்தது. அக்காவின் செபத்துக்குப் பதில் சொல்ல வியாழக்கிழமை ஆண்டவர் என்னைத்தான் குழாயடியில் நிறுத்தியிருந்தார். நான் அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.