சூடாகாத குழாய்

விராலிமலை நான்குவழிச் சாலையோரம் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் பிடிப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். இங்கே டிப்ளமோ முடித்தவனும் நான் ஒருவன்தான். திரையில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் நீட்டுவார்கள். நான் வாசித்தால் அதுவே முடிவு.

ஒரு டீசல் கார் ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை வந்தது. ஓட்டி வந்த அண்ணன் இறங்கும்போதே சொன்னார்.

"தம்பி, மஞ்ச என்ஜின் லைட்டு திரும்ப வந்திருச்சு. பாலம் ஏறயில நாப்பதுக்கு மேல போகமாட்டேங்குது. நாளைக்குக் காலையில ஆத்தாவுக்கு திருச்சியில டயாலிசிஸ். போன தடவ லேட்டாப் போயி, மிஷின்ல அடுத்த ஆள ஏத்திட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் மூச்சு வாங்க உக்காந்திருந்துச்சு."

என்ஜின் விடும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி என்ஜினுக்கே அனுப்பும் குழாய் ஒன்று உண்டு. இ.ஜி.ஆர். என்போம். புகை வருகிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அதில் ஒரு வெப்ப சென்சார். இந்த வண்டியில் அது என்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. போன வாரம் செல்போன் கேமராவை இடுக்கில் விட்டுத்தான் கண்டுபிடித்தேன். வெப்பம் குறைவு என்று ஸ்கேனர் காட்டியது. சென்சார் போய்விட்டது என்று சொல்லி, புதிது மாட்டினேன்.

இப்போதும் திரையில் அதே வரி.

"புதுசும் அதத்தான் சொல்லுதா?" அண்ணன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அது பொய்யா இருக்காதே தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. வண்டியைச் சற்று ஓட்டி வந்து, பானெட்டைத் திறந்து, குழாய்ப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனேன். அனல் அடிக்க வேண்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது. சென்சார் சரிதான், அதனிடம் புகையே வந்து சேரவில்லை.

சூடு ஆறியதும் குழாயின் இணைப்பைக் கழற்றினேன். நடுவே ஒரு தகடு. பழைய ஆயில் டின்னில் வெட்டியது; கோணலான வெட்டு. என் கைவேலை. ஆறு மாதத்துக்கு முன் நான்தான் வைத்தேன்; எத்தனையோ வண்டிக்கு வைத்ததில் இது மறந்தே போயிருந்தது. புகை வழியை அடைத்தால் பிக்கப் கூடும் என்று டிரைவர்கள் கேட்பார்கள், நாங்களும் வைத்துவிடுவோம். பழைய வண்டிகள் கண்டுகொள்வதில்லை. இந்த வண்டி புகையைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

அண்ணன் எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். தகட்டைப் பைக்குள் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுதாண்ணே. நான் வச்சது. சென்சாருல ஒண்ணுமில்ல."

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வைக்கச் சொன்னது நாந்தான். ஆனா நான் ஸ்டேரிங் பிடிக்கிறவன். படிச்ச புள்ள, வேணாம்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

தகடு இல்லாமல் குழாயைப் பூட்டினேன். இருவருமாகக் கீரனூர் வரை போய்த் திரும்பினோம். ஸ்கேனரில் வெப்பம் ஏறிக்கொண்டே வந்தது. பாலத்தில் வண்டி எண்பதைத் தொட்டது.

மறுநாள் காலை நானே போன் செய்தேன்.

"நேரத்துக்கு வந்தாச்சு," என்றார். "ஆத்தாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. வைக்கிறேன் தம்பி, நர்ஸ் கூப்பிடுறாங்க."