முறுக்கு டின்னும் இரண்டாயிரம் வருட வரலாறும்

1. முதல் நாள்

வேலை செய்த பக்டரியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்தது பாதர்ஸ்ட் வீதியில் ஒரு யூத முதியோர் இல்லச் சமையலறை. மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே. மூன்று மாதம் புரொபேஷன். அது முடிந்தால்தான் மருந்துச் செலவைப் பொறுக்கும் பெனிஃபிட்ஸ். கணவருக்குச் சீனி வருத்தம். அவருடைய இன்சுலின் அந்த பெனிஃபிட்ஸை நம்பித்தான் இருந்தது.

யூத முறைப்படி பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது; அதனால் அங்கே எல்லாம் இரண்டிரண்டு. பாலுக்கு ஒரு சிங்க், இறைச்சிக்கு ஒரு சிங்க். நீலக் கத்தி பாலுக்கு, சிவப்புக் கத்தி இறைச்சிக்கு. மாறினால் கத்தி குப்பைக்குப் போகும், கூடவே நானும் போகலாம்.

சுப்பவைசர் பாலா அண்ணை. அஜக்ஸ்காரர், ஊர்ச் சங்கத் தலைவர். எங்கள் சனம் கூடும் ஸ்காபரோ மண்டபங்களில் மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார். பூப்புனித நீராட்டு விழாவானாலும் மூன்றாவது நிமிடத்தில் அவருடைய பேச்சில் யூதர்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு மைக் இல்லாதபடியால் எனக்குச் சொன்னார்.

“தங்கச்சி, உது வெறும் குசினி இல்லை, வரலாறு. ரோமர் வந்து யூதரின்ரை கோயிலை இடிச்சு, சனத்தை முழுக்கத் துரத்திப்போட்டாங்கள். அங்கை ஒருத்தரும் மிஞ்சேல்லை. இரண்டாயிரம் வருசம் ஊர் ஊராய் அலைஞ்சும் ஜெருசலேமை மறக்கேல்லை. நாங்களும் அவையள் மாதிரித்தான்.”

பின்னால் மிரியம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கோஷர் என்ற யூத உணவு முறைகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் அவள்தான். அங்கே காலையில் அடுப்பை அவள்தான் மூட்ட வேண்டும், யூதரல்லாத நாங்கள் தொடக்கூடாது. பாலா அண்ணை ‘ஜெருசலேம்’ என்றதைக் கேட்டு என்ன பேசுகிறோம் என்று விசாரித்தாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் பதில் சொன்னதும் ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

“எல்லாரும் போகேல்லை, பாலா. கொஞ்சப் பேர் எப்பவும் அங்கைதான் இருந்தவை. ரோமருக்கு முந்தி பபிலோனுக்கும் எங்களைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அங்கையிருந்து திரும்பி வந்து இரண்டாவது கோயில் கட்டினம். ரோமர் இடிச்சது அதைத்தான்.”

பாலா அண்ணை பலமாகத் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு மண்டபத்தில், எழுத்துப் பிசகாமல் பழைய பேச்சையே பேசினார்.

2. டின்

யூதர்களின் பாஸ்கா பெருநாள் வந்தது. எகிப்தில் அடிமைகளாக இருந்த அவர்களின் முன்னோர் விடுதலையாகிப் புறப்பட்டபோது, குழைத்த மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்த அவசரத்தை நினைத்து எட்டு நாளைக்குப் புளித்த மாவில் சுட்ட பாண் இல்லை, கோதுமைப் பலகாரம் இல்லை, ஒரு துணிக்கைகூட இல்லை. மூன்று நாள் சுரண்டிக் கழுவினோம். மேசைகளில் கொதிதண்ணீர் ஊற்றி அலுமினியத் தாள் ஒட்டினோம். வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாதென்று கதவில் ஒட்டிய அறிவித்தலில் கையெழுத்துப் போட்டவர் பாலா அண்ணை.

பாஸ்கா இரவுக்கு முதல் நாள் எங்கள் வருசப்பிறப்பு. பாஸ்கா அன்று மத்தியானம் பாலா அண்ணை ஒரு டின்னோடு வந்து, புதுத்தாள் ஒட்டிய மேசையில் வைத்துத் திறந்தார். அவருடைய மனைவி சுட்ட முறுக்கு. அவித்த கோதுமை மாவில் சுட்ட அசல் யாழ்ப்பாண முறுக்கு.

“அண்ணை, உதுக்குள்ளை கோதுமை மா.”

“நல்ல நாளும் பெருநாளும் வெறுங்கையோடை வரலாமே? எடும் தங்கச்சி.”

நான் எடுக்கவில்லை. அவர் கடித்தார். மிரியம் உள்ளே வந்தாள்.

“இது ஆர் கொண்டுவந்தது?”

பாலா அண்ணை யோசிக்கவே இல்லை. “புது ஆள்தானே. அவவுக்கு உங்கடை முறை தெரியாது. நான் விளங்கப்படுத்துறன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரொபேஷன் முடிய ஒன்பது நாள். ஓமென்றால் அன்றோடு வேலை போகும். இல்லையென்றால், ஒன்பதாம் நாள் என்னைப் பற்றி றிப்போட் எழுதப்போகிறவர் இவர். இன்சுலின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. என்றாலும் வாய் அடங்கவில்லை.

“நான் கொண்டுவரேல்லை. அண்ணை வீட்டு முறுக்கு. அவரின்ரை மீசையிலையும் கொஞ்சம் இருக்கு.”

பாலா அண்ணை மீசையைத் துடைத்துக்கொண்டு தமிழில் முணுமுணுத்தார். “எங்கடை ஆளையே காட்டிக் குடுக்கிறீர், என்ன?”

காட்டிக் கொடுத்தவர் என்ற அந்தச் சொல்லுக்காக யுத்த காலத்தில் எங்கள் ஊரில் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி வந்து, அதை முறுக்குக்கும் பாவிக்கிறோம்.

மிரியம் கத்தவில்லை. டின்னை வெளியே கொண்டுபோகச் சொன்னாள். “சூரியன் மறைஞ்சுதான் பாஸ்கா தொடங்கும், இன்னும் நேரம் இருக்கு. தாளை உரியுங்கோ, தண்ணியைக் கொதிக்க வையுங்கோ.” தானும் கையுறை போட்டாள். மூன்று பேருமாக எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். தலைவர் முழங்காலில் நின்று தரை உரஞ்சியதை நான் கண்ணாரக் கண்டேன். பொய் சொல்வானேன், நல்ல சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பாலா அண்ணை என் றிப்போட்டில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதினார். மிரியம் தான் கண்டதை எழுதி மனேஜரிடம் கொடுத்திருந்தாள். வேலை நிரந்தரமானது.

3. கேள்வி

முறுக்கு டின் வந்த அதே நாள் இரவு, பாஸ்கா விருந்தில் பரிமாற நின்றேன். மேசையிலிருந்த எல்லாரிலும் இளையவள், இல்லத்து முதியவர் ஒருவரின் பூட்டப்பிள்ளை, ஆறு வயது. எழுந்து நின்று ஹீப்ரூவில் கேள்வி கேட்டாள். இன்றைய இரவு ஏன் மற்ற இரவுகளைப்போல இல்லை என்று கேட்கிறாள் என மிரியம் எனக்குச் சொன்னாள். பிள்ளை பாதியில் தடுமாறினாள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தொண்ணூறு வயதுக்காரர்கள் சூப் ஆறிப்போகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டு முடித்த பிறகுதான் கதை தொடங்கியது: எகிப்து, பாலைவனம், சொந்த நிலம். கடைசியில், பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்துபோன ஒரு கிழவர்கூட ‘வருகிற வருசம் ஜெருசலேமில்’ என்ற முடிவு வரியைப் பிசகாமல் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கோபமும் வந்தது.

இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான். ஒரு சனம் தன் நிலத்தை இரண்டாயிரம் வருடம் எப்படி மறக்காமல் வைத்திருந்தது என்று எங்கள் மேடைகளில் விளக்கம் சொல்லாதவர் இல்லை. அவர்களின் மேசையில் பிள்ளை கேட்காமல் கதை தொடங்காது. எங்கள் மண்டபத்தில் ஒரு பிள்ளை வாய் திறந்தால், “பொறு பிள்ளை, அங்கிள் பேசி முடிக்கட்டும்” என்கிறோம்.

பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். அங்கிள் இன்னும் பேசி முடிக்கவில்லை.